ஆபீஸ் பயர்வாலுக்கு உள்ளிருந்து கிட்ஹப்பை அணுகுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏதேனும் ஒரு இலவச சாப்ட்வேரைத் தேடிச் சென்றால், இப்போதெல்லாம் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் கிட்ஹப் தளம்தான். வீட்டில் எந்தச் சிக்கலும் இன்றித் திறக்கும் இந்தத் தளம், ஆபீஸில் திறக்க மறுக்கும். அல்லது தளம் திறக்கும். பைல் மட்டும் இறங்காது. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களில் பணியாற்றும் வாசகர்கள் சிலர் இது பற்றி என்னிடம் கேட்டுள்ளனர். சாப்ட்வேர் கம்பெனிக்காரர்களுக்கு மட்டுமே உரிய பிரச்னை என இதை ஒதுக்கிவிட முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் தயாரிக்க இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச புரோகிராம் உள்ளது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை சாப்ட்வேருடன் இணைந்து இயங்கும். நாம் வரையும் படத்தைத் தையல்களாக மாற்றி, மெஷின்கள் ஏற்கும் டிஎஸ்டி போன்ற பார்மட்களில் சேவ் செய்து தரும். ஆடைகளுக்கான பேட்டர்ன் வரைய சீம்லி2டி, வாலண்டினா என இரண்டு இலவச சாப்ட்வேர்கள் உள்ளன. இங்க்ஸ்டிட்ச், சீம்லி2டி ஆகியவற்றின் மூல நிரல் கிட்ஹப்பில் உள்ளது. வாலண்டினா, கிட்லேப் என்ற இதே போன்ற இன்னொரு தளத்தில் உள்ளது. தமிழில் டைப் செய்ய உதவும் இ-கலப்பையின் நிரலும் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. எனவே சாம்பிள் செக்‌ஷனில் இருப்பவருக்கும் இந்த வழி திறந்திருக்க வேண்டியுள்ளது.

இந்தக் கட்டுரையில் உள்ள கட்டளைகளையும் முகவரிகளையும் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் டைப் செய்திடவும்.

ரெபாசிட்டரி என்றால் என்ன?

ஒரு சாப்ட்வேரின் பைல்கள் அனைத்தையும், அவற்றில் இதுவரை நடந்த ஒவ்வொரு மாற்றத்துடனும் சேர்த்து வைத்திருக்கும் கிடங்கே ரெபாசிட்டரி. பையருக்கு அனுப்பும் சாம்பிள்களை நினைத்துக் கொள்ளுங்கள். முதலில் பிட் சாம்பிள். பையர் திருத்தம் சொல்வார். பிறகு சைஸ் செட், அதற்குப் பின் பி.பி. சாம்பிள். ஒவ்வொரு நிலையிலும் என்ன மாறியது, யார் மாற்றச் சொன்னார் என்று பைலில் குறித்து வைக்கிறோம் அல்லவா? அதே வேலையை சாப்ட்வேருக்குச் செய்வது கிட் என்ற புரோகிராம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் இதை எழுதினார். கிட் வைத்திருக்கும் கிடங்குகளை இண்டர்நெட்டில் இடம் கொடுத்துப் பாதுகாக்கும் தளம்தான் கிட்ஹப். இது 2008-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் மைக்ரோசாப்ட் இதை வாங்கியது.

மூன்று சொற்களைத் தெரிந்து கொண்டால் போதும். கிடங்கை முழுவதுமாக நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வருவது குளோன். பிறகு அங்கு நடந்த புதிய மாற்றங்களை மட்டும் பெறுவது புல். நாம் செய்த மாற்றத்தை அங்கு அனுப்புவது புஷ்.

பயர்வால் ஏன் தடுக்கிறது?

ஒரு பனியன் கம்பெனியில் டெலிவரி சலான் இல்லாமல் ஒரு பீஸ் துணி கூட கேட்டைத் தாண்டாது. பயர்வால் அந்த கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் உள்ள கேட்களுக்குப் பெயர் போர்ட். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. நாம் பிரவுசரில் பார்க்கும் பாதுகாப்பான தளங்கள் 443 என்ற போர்ட்டில் வருகின்றன. எஸ்எஸ்எச் என்ற வழி 22-ஆம் போர்ட்டில் செல்கிறது. கிட் புரோகிராமின் சொந்த வழிக்கு 9418. சப்வெர்ஷன் என்ற பழைய முறையின் சொந்த வழிக்கு 3690. பெரும்பாலான ஆபீஸ்களில் 443-ஐ மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை மூடி விடுவார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. 445-ஆம் போர்ட் வழியாக அது கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார் தொழிற்சாலையும் அதில் பாதிக்கப்பட்டது. ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் நெட்வொர்க்கில் பையரின் டெக் பேக், காஸ்டிங் ஷீட், ஷிப்மென்ட் தேதிகள் எல்லாம் இருக்கும். ஷிப்மென்ட் வாரத்தில் இவை பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனவே சிஸ்டம் அட்மினை வில்லனாகப் பார்க்க வேண்டாம்.

முதலில் எந்த கேட் மூடியுள்ளது என்று பாருங்கள்

மருந்து எழுதும் முன் நோயைக் கண்டறிய வேண்டும். கீழ்க்காணும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.

1. பிரவுசரில் "இந்தத் தளம் தடுக்கப்பட்டுள்ளது" என்று கம்பெனியின் அறிவிப்புப் பக்கம் வந்தால், தளத்தின் பெயரே தடைப் பட்டியலில் உள்ளது. உங்கள் கம்ப்யூட்டரில் எந்த செட்டிங்கை மாற்றியும் பயன் இல்லை. அட்மினிடம்தான் கேட்க வேண்டும்.

2. தளம் பிரவுசரில் நன்றாகத் திறக்கிறது, ஆனால் கிட் மட்டும் "கனெக்‌ஷன் டைம்டு அவுட்" என்கிறது. போர்ட் மூடப்பட்டுள்ளது, அல்லது கிட் புரோகிராமுக்கு பிராக்ஸி பற்றித் தெரியவில்லை.

3. பிழைச் செய்தியில் 407 என்ற எண் உள்ளது. பிராக்ஸி சர்வர் உங்கள் யூசர் நேம், பாஸ்வேர்ட் கேட்கிறது என்று பொருள்.

4. "எஸ்எஸ்எல் சர்டிபிகேட் பிராப்ளம்" என வருகிறது. பயர்வால் இடையில் நின்று பார்சலைப் பிரித்துப் பார்த்து, மீண்டும் தன் முத்திரையை ஒட்டி அனுப்புகிறது. அந்த முத்திரை கிட் புரோகிராமுக்குப் பழக்கம் இல்லை.

5. தளம் திறக்கிறது, ஆனால் எழுத்துகள் மட்டும் வரிசையாகக் கிடக்கின்றன. அல்லது டவுன்லோட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. துணைத் தளங்கள் தடுக்கப்பட்டுள்ளன.

போர்ட் திறந்துள்ளதா என அறிய விண்டோஸிலேயே ஒரு வசதி உண்டு. ஸ்டார்ட் மெனுவில் பவர்ஷெல் என்று தேடித் திறந்து, டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கிட்ஹப்.காம் -போர்ட் 22 என டைப் செய்து என்டர் தட்டவும். கடைசி வரியில் ட்ரூ என்று வந்தால் திறந்துள்ளது; பால்ஸ் என்று வந்தால் மூடியுள்ளது. 22-க்குப் பதில் 443 கொடுத்தும் பார்க்கவும். பிராக்ஸி உள்ள ஆபீஸில் 443-க்கும் பால்ஸ் என்றே வரலாம். பயப்பட வேண்டாம், அங்கு பிரவுசர் நேராகச் செல்லாமல் பிராக்ஸி வழியாகச் செல்கிறது.

வழி ஒன்று: முகவரியை மாற்றுதல்

ஒவ்வொரு ரெபாசிட்டரி பக்கத்திலும் கோட் என்ற பச்சை நிற பட்டன் இருக்கும். அதை கிளிக் செய்தால் எச்டிடிபிஎஸ், எஸ்எஸ்எச் என டேப்கள் கிடைக்கும். எச்டிடிபிஎஸ் டேபில் உள்ள முகவரியை காப்பி செய்து, கிட் குளோன் என டைப் செய்து, அதன் பின் ஒட்டவும். இது 443-ஆம் போர்ட்டில் செல்வதால் பெரும்பாலான ஆபீஸ்களில் இதுவே போதும்.

பழைய குறிப்புகளில் "கிட்://" என்று தொடங்கும் முகவரிகளைக் காணலாம். இந்த வழியை கிட்ஹப் 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தி விட்டது. அது வீட்டிலும் இயங்காது. முன்னால் உள்ள "கிட்" என்பதை "எச்டிடிபிஎஸ்" என மாற்றினால் போதும்.

புஷ் செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு குறிப்பு. கிட்ஹப் அக்கவுண்ட் பாஸ்வேர்டைக் கொடுத்து கிட் மூலம் உள்ளே செல்வது 2021 ஆகஸ்ட் 13 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. விண்டோஸுக்கான கிட் புரோகிராமை இன்ஸ்டால் செய்யும்போது கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற துணைப் புரோகிராமும் சேர்ந்து வரும். அது பிரவுசரைத் திறந்து, அங்கு லாகின் செய்யச் சொல்லும். அதுவே எளிய வழி. இல்லையேல் கிட்ஹப் செட்டிங்ஸில் டோக்கன் ஒன்றை உருவாக்கி, பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் அதைக் கொடுக்கலாம். டோக்கனுக்குக் காலாவதித் தேதி வைக்க மறக்க வேண்டாம்.

வழி இரண்டு: பிராக்ஸியைச் சொல்லித் தருதல்

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இண்டர்நெட் பிரிவில் பிராக்ஸி என்பதைப் பாருங்கள். அங்கு ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் இருந்தால் குறித்துக் கொள்ளவும். ஸ்கிரிப்ட் முகவரி மட்டும் இருந்தால், பிராக்ஸியின் பெயரை அட்மினிடம் கேட்டுப் பெறவும். பிறகு இந்தக் கட்டளையைக் கொடுக்கவும்:

கிட் கன்பிக் --குளோபல் எச்டிடிபி.பிராக்ஸி எச்டிடிபி://பிராக்ஸியின்-பெயர்:போர்ட்-எண்

யூசர் நேம் தேவை என்றால், பிராக்ஸி பெயருக்கு முன்னால் அதை எழுதி, @ குறியிட்டுத் தரலாம். பாஸ்வேர்டை மட்டும் அங்கு எழுத வேண்டாம். எழுதினால் அது யாரும் படிக்கும்படி ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில் பதிந்து விடும். யூசர் நேம் மட்டும் தந்தால், பாஸ்வேர்டை கிட் தானாகவே கேட்கும்.

ஆபீஸ் லேப்டாப்பை மாலையில் வீட்டுக்குக் கொண்டு வருபவர்கள் கவனிக்கவும். வீட்டில் அந்த பிராக்ஸி இருக்காது. எனவே "ஆபீஸில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை" என்ற புது சிக்கல் வரும். அப்போது கிட் கன்பிக் --குளோபல் --அன்செட் எச்டிடிபி.பிராக்ஸி எனக் கொடுத்து நீக்கி விடவும்.

வழி மூன்று: சர்டிபிகேட் சிக்கல்

எஸ்எஸ்எல் வெரிபை என்பதை பால்ஸ் ஆக்கி விடுங்கள் என்று பலரும் எளிதாகச் சொல்லி விடுவார்கள். செய்ய வேண்டாம். இது முத்திரையைப் பார்க்காமலேயே எல்லா பார்சலையும் வாங்கிக் கொள் என்று சொல்வது போல. பிறகு இடையில் யார் நின்று பைலை மாற்றி வைத்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் கம்பெனியின் சர்டிபிகேட்டை அட்மின் பெரும்பாலும் விண்டோஸிலேயே பதிந்து வைத்திருப்பார். பிரவுசரில் பிழை வராததற்கு அதுவே காரணம். விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலையே நீயும் பார் என்று கிட் புரோகிராமுக்குச் சொன்னால் போதும்:

கிட் கன்பிக் --குளோபல் எச்டிடிபி.எஸ்எஸ்எல்பேக்கெண்ட் எஸ்சேனல்

கடைசிச் சொல் ஆங்கில எழுத்தில் எஸ், சி, எச், ஏ, என், என், இ, எல் என வர வேண்டும்.

வழி நான்கு: 443-இல் எஸ்எஸ்எச்

சிலர் எஸ்எஸ்எச் சாவி உருவாக்கிப் பழகியிருப்பார்கள். 22-ஆம் போர்ட் மூடிய இடங்களுக்காக கிட்ஹப் தானே ஒரு மாற்று வழி வைத்துள்ளது. எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் என்ற முகவரியில், 443-ஆம் போர்ட்டில் எஸ்எஸ்எச் இயங்கும். உங்கள் யூசர் போல்டரில் உள்ள டாட் எஸ்எஸ்எச் என்ற போல்டரில், கன்பிக் என்ற பைலை நோட்பேடில் திறந்து, நான்கு வரிகள் எழுதவும்:

ஹோஸ்ட் கிட்ஹப்.காம்
ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம்
போர்ட் 443
யூசர் கிட்

நோட்பேட் சேவ் செய்யும்போது பைல் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டி விடும். அதை நீக்கி விடவும். கிட்லேப் தளத்திற்கும் ஆல்ட்எஸ்எஸ்எச்.கிட்லேப்.காம் என்று இதே போன்ற வழி உண்டு.

போர்ட் எண்ணை மட்டும் பார்க்கும் பயர்வாலில் இது வேலை செய்யும். இன்றைய பயர்வால்கள் பல, உள்ளே செல்வது என்ன மொழி என்றும் கவனிக்கின்றன. 443-இல் எஸ்எஸ்எச் சென்றால் அவை கண்டுபிடித்து நிறுத்தி விடும். அப்படி நின்றால் மேலும் முயல வேண்டாம். அட்மினிடம் சொல்லாமல் இந்த வழியைப் பயன்படுத்தவும் வேண்டாம்.

அட்மினிடம் எப்படிக் கேட்பது?

"கிட்ஹப்பைத் திறந்து விடுங்க" என்று மட்டும் கேட்டால் பாதி வேலைதான் நடக்கும். கிட்ஹப்.காம் என்ற ஒரு பெயரில் எல்லாம் வருவதில்லை. ஜிப் பைல்கள் கோட்லோட்.கிட்ஹப்.காம் என்ற இடத்திலிருந்து வருகின்றன. இன்ஸ்டால் பைல்களும் தனி பைல்களும் கிட்ஹப்யூசர்கன்டென்ட்.காம் என்ற பெயரின் கீழ் உள்ள துணைத் தளங்களிலிருந்து வருகின்றன. பக்கத்தின் அழகும் பட்டன்களும் கிட்ஹப்அசெட்ஸ்.காம் என்பதிலிருந்து வருகின்றன. கிட்ஹப் டெஸ்க்டாப் புரோகிராம் பயன்படுத்துவோருக்கு ஏபிஐ.கிட்ஹப்.காம் தேவை. இவை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கவும். மாதிரிக்கு ஒரு கடிதம்:

"ஐயா, எம்பிராய்டரி பிரிவில் டிசைன் தயாரிக்க இங்க்ஸ்டிட்ச் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்த விரும்புகிறோம். அதை டவுன்லோட் செய்யக் கீழ்க்காணும் நான்கு முகவரிகள், 443-ஆம் போர்ட்டில், எங்கள் பிரிவின் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் தேவை. டவுன்லோட் மட்டும் போதும். வெளியே எதையும் அனுப்பத் தேவை இல்லை. ஒரு வாரம் திறந்து வைத்தால் போதும். பைலைத் தாங்கள் வைரஸ் சோதனை செய்த பின் இன்ஸ்டால் செய்கிறோம்."

எந்தக் கம்ப்யூட்டர், எந்த முகவரி, எவ்வளவு காலம், எதற்காக என்ற நான்கும் இதில் உள்ளன. அட்மினுக்குத் தேவைப்படுவதும் இவைதான். பிரிவு மேலாளரின் ஒப்புதலையும் சேர்த்து அனுப்பினால் காரியம் விரைவில் முடியும்.

செய்யக் கூடாதவை

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சாம்பிள் பிரிவில் இருக்கிறார். கிட்ஹப் திறக்கவில்லை என்றதும் நண்பர் கொடுத்த இலவச விபிஎன் புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்தார். பைல் இறங்கியது. அடுத்த நாள் காலை அட்மின் அவர் டேபிளுக்கு வந்து விட்டார். "ஏந் தம்பி, உன்ற கம்ப்யூட்டர்ல இருந்து ராத்திரி பூரா எங்கியோ டேட்டா போயிருக்குதே, என்ன பண்ணுனே?" என்று கேட்டார். இவருக்குப் பதில் தெரியவில்லை. அந்த விபிஎன் புரோகிராம் என்ன அனுப்பியது என்று யாருக்கும் தெரியவில்லை, அதுதான் சிக்கலே. அதே கம்ப்யூட்டரில் பையரின் அடுத்த சீசன் டிசைன்கள் இருந்தன. கம்ப்யூட்டர் முழுவதையும் பார்மட் செய்தார்கள். அவருக்கு மெமோ கிடைத்தது. வேலை தப்பியது, ஆனால் பல மாதங்கள் அவர் கம்ப்யூட்டருக்கு இண்டர்நெட் இல்லை. பின்னர் மேலே உள்ளது போல ஒரு கடிதம் எழுதிக் கேட்டார். இரண்டே நாளில் திறந்து கொடுத்தார்கள்.

எனவே இலவச விபிஎன், அறியாத பிராக்ஸி தளங்கள், ஆபீஸ் கம்ப்யூட்டரை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைப்பது ஆகிய மூன்றையும் தவிர்க்கவும். மூன்றாவது பலருக்குத் தவறாகவே தோன்றாது. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கிலும் உங்கள் மொபைலிலும் ஒரே நேரத்தில் இணைந்துள்ள கம்ப்யூட்டர், காம்பவுண்ட் சுவரில் போட்ட ஓட்டை போன்றது. சட்டமும் இதைக் கவனிக்கிறது. அனுமதி இன்றி ஒரு நெட்வொர்க்கிலிருந்து டேட்டாவை எடுப்பது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவின் கீழ் வரும். அதையே ஏமாற்றும் நோக்கத்துடன் செய்தால், 66-ஆவது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

புஷ் செய்வதிலும் எச்சரிக்கை தேவை. கம்பெனிக்காக எழுதிய எக்ஸெல் மேக்ரோ, சம்பளக் கணக்கு புரோகிராம் போன்றவற்றை உங்கள் சொந்த அக்கவுண்டுக்கு அனுப்பினால், அதனுள் இருக்கும் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். பைலை அழித்தாலும் பழைய மாற்றங்களின் வரலாற்றில் அது தங்கியிருக்கும். கிட் செய்யும் வேலையே அதுதானே! 2019 முதல் பிரைவேட் ரெபாசிட்டரிகள் இலவசம்தான். ஆனாலும் கம்பெனியின் பொருளைக் கம்பெனி அனுமதி இல்லாமல் வெளியே வைக்கக் கூடாது.

எந்த வழியும் இல்லை என்றால்?

வீட்டில் டவுன்லோட் செய்யுங்கள். கிட் புரோகிராம் கூடத் தேவை இல்லை. கோட் பட்டனை கிளிக் செய்து, டவுன்லோட் ஜிப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கிடங்கில் இப்போதுள்ள பைல்கள் ஒரே ஜிப் பைலாகக் கிடைக்கும். இன்ஸ்டால் செய்யும் பைல் வேண்டும் என்றால், வலது பக்கம் உள்ள ரிலீசஸ் பிரிவிற்குச் செல்லவும். வரலாற்றுடன் முழுக் கிடங்கும் வேண்டும் என்றால், குளோன் செய்த போல்டருக்குள் சென்று, கிட் பண்டில் கிரியேட் என டைப் செய்து, நீங்கள் விரும்பும் பைல் பெயர் ஒன்றையும் அதன் பின் --ஆல் என்பதையும் கொடுக்கவும். எல்லாம் ஒரே பைலாகி விடும். ஆபீஸில் அந்த பைலைக் குறிப்பிட்டு கிட் குளோன் கொடுத்தால் போதும். பென் டிரைவை நீங்களாகச் செருகாமல், அட்மினிடம் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கவும்.

எல்லாத் தடையும் ஆபீஸ் தடை அல்ல

வீட்டிலும் திறக்கவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். 2014-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மத்திய அரசின் உத்தரவின் பேரில் 32 இணைய முகவரிகளை இந்திய இண்டர்நெட் நிறுவனங்கள் தடுத்தன. கிட்ஹப்பில் துண்டு நிரல்களை வைக்கும் ஜிஸ்ட் பகுதியும், வீமியோ, பேஸ்ட்பின் போன்றவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. விரைவிலேயே ஜிஸ்ட், வீமியோ ஆகியவற்றின் மீதான தடை நீக்கப்பட்டது. எனவே ஒரு தளம் திறக்காவிட்டால், முதலில் மொபைல் டேட்டாவில் மொபைல் போனிலேயே திறந்து பாருங்கள். அங்கும் திறக்கவில்லை என்றால், ஆபீஸ் அட்மினைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சுருக்கமாக, இந்த வரிசையில் செல்லுங்கள். மொபைலில் திறக்கிறதா எனப் பாருங்கள். ஆபீஸில் வரும் பிழைச் செய்தியை எழுதி வையுங்கள். எச்டிடிபிஎஸ் முகவரியை முயலுங்கள். பிராக்ஸி, சர்டிபிகேட் இரண்டையும் சரி செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், எழுதி வைத்த பிழைச் செய்தியுடன் கடிதத்தை அட்மினிடம் கொடுங்கள். பதில் வரும் வரை வீட்டுக் கம்ப்யூட்டரில் இங்க்ஸ்டிட்ச்சை இன்ஸ்டால் செய்து, ஒரு சின்னப் பூ டிசைனை வரைந்து பழகலாம். ஆபீஸில் அனுமதி கிடைக்கும் நாளில் உங்கள் கை தயாராக இருக்கும்.